ஆட்டம் எவருக்கு? தண்டல் எவரிடம்?

அமெரிக்க நாட்டின் வர்சீனியா மாநிலத்தில் சேம்சு மாடிசன் பல்கலைக்கழகம் என ஒன்று உளது. அஃது அரசினர் பல்கலைக்கழகம். அங்குப் பயிலும் மாணவி ஒருத்தி, பந்து என்பதைக் கையாலும் தொட்டறியாதவளாக இருக்கலாம். விளையாட்டரங்கின் வாயிற்படியை நான்காண்டும் மிதியாதவளாக இருக்கலாம். பகலெல்லாம் பாடமும் இரவெல்லாம் உணவுவிடுதியில் கலங்கழுவும் வேலையுமாக நாளைத் தள்ளுபவளாகவும் இருக்கலாம். எனினும், 2020-ஆம் ஆண்டளவில் வெளிவந்த கணக்கின்படி, அவள் ஆண்டுதோறும் செலுத்தும் கட்டணத்துள் 2,000 தாலருக்கும் மேற்பட்ட தொகை, அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கென்றே கழிந்து போயிற்று.

அவளை எவரும் கேட்கவில்லை. கேளாமலே எடுத்துக்கொண்டனர். எடுத்ததையும் எடுத்தோம் என்று வெளிப்பட எழுதவில்லை. ‘முழுமைக் கட்டணம்’ என்னும் ஒரு பொதுப் பெயருக்குள், மருத்துவச் செலவோடும் மாணவர் மன்றச் செலவோடும் மடித்து வைத்துவிட்டனர். நான்காண்டில் எண்ணாயிரம் தாலர்! கடன் வாங்கிப் படிப்பவள் அதற்கு வட்டியுங் கட்டல் வேண்டும். அவள் பட்டம் பெற்று வேலைக்குச் சென்று, தலையில் ஓரிரு நரை தோன்றும் பருவத்தும், தான் ஒருநாளும் கண்டறியாத பந்தாட்டத்திற்குரிய கடனைத் தீர்த்துக்கொண்டிருப்பாள்.

கடல் கடந்த நாட்டில், எவரோ ஆடும் ஆட்டத்திற்கு எவரோ கொடுக்கும் காசைப் பற்றி நமக்கென்ன என்று நம் படிப்போருள் சிலர் வினவலாம். வினவுதல் முறையே. ஆயினும் இரண்டு கரணியங்களால் இதனை எழுதுகின்றோம். முதலாவது, நம் ஊர்களிலிருந்து நிலத்தையும் வீட்டையும் ஈடுவைத்து அந்நாட்டிற்குச் சென்று பயிலும் இளைஞர் இன்று பல்லாயிரவர். பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய கட்டணம் அவர்கள் தலையிலும் விழுகின்றது. தஞ்சையிலோ கோவையிலோ இருந்து பணம் விடுக்கின்ற தந்தைக்கு அஃது இன்னதற்கென்று தெரியாது. இரண்டாவது, இவ்வணிகம் முழுமையும் ஒரு சொல்லின்மேல் கட்டப்பெற்றது. சொல்லின் பொருளைத் திரித்து, அச்சொல்லுக்கு உரியவனின் வயிற்றிலடிப்பது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எளிதிற் கிட்டாது. சொல்லாராய்ச்சியில் பழகிய நம் படிப்போர் இதனைக் கட்டாயம் அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் இவ்விளையாட்டுகள் தூயனவாயிருந்தன. தொலைக்காட்சி வந்த பின்னரே பணம் புகுந்து கெடுத்தது என்று இரங்குவோர் அந்நாட்டில் மிகப் பலர். அவ்விரக்கத்திற்கு வரலாற்றில் இடமே இல்லை. அந்நாட்டில் ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரியோடு மோதிய முதற் போட்டி, 1852-ஆம் ஆண்டு நடந்த படகுப் போட்டி. ஆர்வார்டு மாணவரும் யேல் மாணவரும் நியூ ஆம்சயர் மாநிலத்து வின்னிபசாக்கி ஏரியில் துடுப்பு வலித்தனர். அவர்கள் செலவை ஏற்றவன் எவன்? தொடர்வண்டி நிறுவனத்தான்! புதிதாகப் பாதை போட்ட அவனுக்கு வண்டியில் ஏற ஆட்கள் வேண்டியிருந்தனர். போட்டி நடந்தால் மக்கள் திரள்வர். திரள்வோர் வண்டியில் வருவர். வருவோர் சீட்டு வாங்குவர். மாணவர்க்கு உணவும் உறையுளும் கொடுத்துத் தான் சீட்டு விற்றுக்கொண்டான். ஆகவே, பணம் பின்னர்ப் புகுந்த களையன்று, வித்தே அதுதான்.

பின்னர் வந்தது அவர்கள் ‘காற்பந்து’ என அழைக்கும் ஆட்டம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவரையொருவர் முட்டி வீழ்த்தும் அதற்குக் காலின் பெயரை ஏன் வைத்தனரோ, நமக்கு விளங்கவில்லை! பெயர் எதுவாயினும், ஆட்டம் கொடிது. 1905-ஆம் ஆண்டில் மட்டும் பதினெண்மர் அவ்வாட்டத்தில் செத்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. குடியரசுத் தலைவர் தியோடர் உரூசுவெல்ட்டு, ஆர்வார்டு, யேல், பிரின்சுடன் ஆகிய மூன்று பல்கலைக்கழகத்தாரையும் தம் மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் தொடர்பாகவே 1906-இல் கல்லூரிகளெல்லாம் கூடி ஒரு கழகம் கண்டன. நாட்டளாவிய கல்லூரி விளையாட்டுக் கழகம் என்பது அதன் இற்றைப் பெயர். என்சிஏஏ என்பது சுருக்கம். மாணவர் சாகாமற் காப்பதற்கெனத் தோன்றிய அக்கழகம், பின்னாளில் செத்த மாணவனின் மனைவிக்குக் காசு கொடாமற் காக்கும் கழகமாக மாறிய கதையை இனிச் சொல்லுகின்றோம்.

1955-ஆம் ஆண்டு, கொலரேடோ மாநிலத்து ஒரு சிறு கல்லூரியின் அணியில் ஆடிய இரே தென்னிசன் என்னும் இளைஞர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படித் தமக்கு உதவி வேண்டுமென முறையிட்டார். ஆடுவதற்கென்றே கல்லூரி தம் கணவரை வைத்திருந்தது. ஆடும்பொழுதே அவர் இறந்தார். எனவே அது வேலையில் நேர்ந்த சாவு. இதுவே அவர் வழக்கு. 1957-இல் அம்மாநிலத்தின் உச்ச நயன்மன்றம் அதனைத் தள்ளிவிட்டது. கல்லூரி காற்பந்து வணிகம் நடத்தவில்லையாம். அவ்வாட்டத்தால் அதற்குப் பயன் ஏதுமில்லையாம்! ஆகவே இறந்தவர் தொழிலாளர் அல்லராம்!

இத்தகைய வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பக் கண்ட விளையாட்டுக் கழகத்தார் நடுங்கினர். ஒரு கைம்பெண் வென்றால் ஓராயிரம் பேர் வருவர். அப்பொழுதுதான் அவர்கள் ஒரு புதுச்சொல்லை அடித்து வார்த்தனர். ‘மாணவ-விளையாட்டாளர்’ என்பது அச்சொல். 1951 முதல் 1988 வரை அக்கழகத்தின் செயலாளுநராக இருந்த வால்ட்டர் பையர்சு என்பவரே, தாம் ஓய்வுபெற்றபின் 1995-இல் எழுதிய நூலில் இதனை ஒப்புக்கொண்டார். ஆட்டக்காரரைத் தொழிலாளர் என்று நயன்மன்றங்கள் கருதிவிடக்கூடும் என்னும் அச்சத்தினாலேயே அச்சொல் ஆக்கப்பட்டது; கழகத்தின் நெறிமுறைகளிலும் விளக்கங்களிலும் அது கட்டாயமாகப் புகுத்தப்பட்டது. அடிமைத் தோட்ட முதலாளிகளின் மனப்போக்கே இவ்வமைப்பில் குடிகொண்டுள்ளது என்னும் பொருள்படவும் அவர் எழுதினார். நாற்பதாண்டுக்கு அணுக்கமாகத் தோட்டத்திற்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு இறுதியில் கழிவிரக்கங் கொண்டார்! எனினும் வாக்குமூலம் வாக்குமூலமே.

அச்சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். மாணவன் என்றால் கூலி கேட்க முடியாது. விளையாட்டாளன் என்றால் ஓய்வு கேட்க முடியாது. இரண்டையும் ஒரு சிறு கோட்டால் இணைத்துவிட்டால், அவன் கூலியும் கேளான், ஓய்வும் கேளான்! அக்கோடு எழுத்தில் கிடக்கும் கோடன்று. காலில் இட்ட தளை. இதற்குத் துணையாக ‘அமெச்சூர்’ என்னும் மற்றொரு சொல்லும் அவர்களிடத்து உண்டு. விரும்புவோன், அன்புடையோன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. ஆட்டத்தின்மேல் உள்ள அன்பினால் ஆடுபவனுக்குக் கூலி ஏன் என்பது அவர்கள் கேள்வி. அன்பு ஆடுபவனுக்கு மட்டுந்தான் போலும்! ஆட்டுவிக்கின்ற பயிற்சியாளர், சீட்டு விற்கின்ற மேலாளர், படம் பிடித்துப் பரப்புகின்ற தொலைக்காட்சி முதலாளி ஆகிய இவருள் ஒருவரும் அன்பினால் உழைப்பதாக இன்றுவரை எவரும் சொல்லக் கேட்டிலோம்.

1974-இல், தெக்சாசு கிறித்தவப் பல்கலைக்கழகத்திற்காக ஆடிய கென்ட்டு வால்திரெப்பு என்னும் இளைஞர், அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தெலும்பு நொறுங்கி வீழ்ந்தார். கழுத்துக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. பல்கலைக்கழகம் சில திங்கள் மருத்துவச் செலவைக் கொடுத்துப் பின்னர்க் கைவிட்டது. 1993-இல் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையம் அவர்பக்கம் முடிவு சொல்லிற்று. காப்பீட்டு நிறுவனம் விடவில்லை, மேல்முறையீடு செய்தது. 2000-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம், அவர் தொழிலாளர் அல்லர் என இறுதியாகத் தீர்த்தது. இருபத்தாறு ஆண்டு நாற்காலி வண்டியில் இருந்தவருக்குக் கிடைத்த விடை, ‘நீ மாணவன்’ என்பதுதான். அவ்வாறாயின் மாணவனுக்குரிய பாதுகாப்பேனும் இருந்ததா? நான்காண்டுக்கு உறுதியாக இருந்த உதவித்தொகையை 1973-இலேயே ஓராண்டுத் தொகையாகச் சுருக்கிவிட்டது கழகம். ஆட்டம் தளர்ந்தாலோ, பயிற்சியாளருக்குப் பிடியாமற் போனாலோ, அடுத்த ஆண்டு தொகை இல்லை. பல்லாண்டுத் தொகைக்கு மீண்டும் வழி பிறந்தது 2012-இல்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்க ஒப்பந்தத்தின்கீழ், மேலாளின் விருப்பத்திற்கு உட்பட்டு, குறித்த வேலைக்குக் குறித்த தொகை! இதற்குத் தமிழில் வேலை என்றே பெயர். ஆங்கிலத்திலும் அதற்கு வேறு பெயரில்லை.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். எந்த ஆட்டத்தை எத்தனை முறை தொலைக்காட்சியிற் காட்டலாம் என்பதை 1984 வரை கழகமே தன் பிடியில் வைத்திருந்தது. ஓக்லகோமா, சியார்சியா ஆகிய பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்து வென்றன. உச்ச நயன்மன்றத்தில் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. மறுத்த இருவருள் ஒருவரான பைரன் ஒயிட்டு, இளமையில் தாமே பேர்பெற்ற ஆட்டக்காரராக இருந்தவர். அவர் பட்டறிவை மற்றவர் கேட்டிலர். கதவு திறந்தது, வெள்ளம் புகுந்தது. காரிக்கிழமைதோறும் காலை முதல் நள்ளிரவு வரை கல்லூரி ஆட்டங்களே திரையை நிறைத்தன. ஆடவர் கூடைப்பந்துப் போட்டியை மட்டும் ஒளிபரப்பும் உரிமைக்கு 2010-இல் பதினான்கு ஆண்டுக்கு 1,080 கோடித் தாலர். 2016-இல் மேலும் எட்டாண்டுக்கு 880 கோடி. காற்பந்து இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கு 2024-இல் ஆறாண்டுக்கு 780 கோடி. தொழில்முறை அணிகளே கண்டு பொறாமைப்படும் தொகை இது. இத்தனை கோடியும் ‘காற்பந்து வணிகம் நடத்தாத’ கல்லூரிகள் ஈட்டியவை!

பணம் ஆட்டக்காரனுக்குப் போதல் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. கழகமோ அறநிறுவனம், பங்குதாரர் இல்லை, மிச்சங்காட்டவும் வழியில்லை. அப்படியாயின் வந்த பணம் எங்குப் போகும்? அணையிட்ட வெள்ளம் பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு ஓடுவதுபோல், பயிற்சியாளர் வீட்டுக்கும் கட்டட ஒப்பந்தக்காரர் வீட்டுக்கும் ஓடிற்று. அந்நாட்டின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவாருள் மிகுதியாகப் பெறுபவர் ஆளுநர் அல்லர், உயிர்காக்கும் அறுவை மருத்துவரும் அல்லர், பந்தாட்டப் பயிற்சியாளரே. அலபாமாவின் நிக்கு சேபன் 2023-இல் பெற்ற ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 10 இலக்கம் தாலருக்கும் மேல். வென்றவருக்குக் கொடுப்பதையாவது ஒருவாறு பொறுக்கலாம். அதே ஆண்டில் தெக்சாசு ஏ அண்டு எம் என்னும் அரசினர் பல்கலைக்கழகம், தன் பயிற்சியாளரை, ‘போதும், நீர் போகலாம்’ என்று விடுப்பதற்கு மட்டும் ஏற்றுக்கொண்ட தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 இலக்கம் தாலர்! வேலை செய்யாமலிருப்பதற்கு இத்துணைப் பெருந்தொகையை எந்த நாட்டு மன்னனும் எந்தப் பாவலனுக்கும் கொடுத்ததில்லை.

கட்டடங்களைப் பற்றிச் சொல்லின் நகைப்பே வரும். 2017-இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் காற்பந்து அணிக்கென 5 கோடியே 50 இலக்கம் தாலரில் ஒரு மாளிகை எழுப்பிற்று. மாடியிலிருந்து கீழே சறுக்கி வருவதற்கு ஒரு சறுக்குமரம் அதனுள் உண்டு! 2019-இல் இலூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், உடைமாற்றும் அறை உள்ளிட்ட பகுதியை 2 கோடியே 80 இலக்கம் தாலரில் புதுப்பித்து, ஒவ்வோர் ஆட்டக்காரனும் படுத்துறங்கத்தக்க பேழைகளை அமைத்தது. பதினெட்டு அகவை இளைஞனின் கையிற் காசு கொடுத்தல் குற்றம். அவனை ஈர்ப்பதற்குச் சறுக்குமரம் கட்டுதல் குற்றமன்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகமோ, நிலநடுக்கப் பிளவின்மேலேயே நிற்கும் தன் பழைய விளையாட்டரங்கைப் புதுப்பிக்கப்போய், 40 கோடித் தாலருக்கும் மேற்பட்ட கடனிற் சிக்கிற்று. நெடுங்கால இருக்கைகளை விற்று அடைப்போம் என்று திட்டமிட்டனர். இருக்கைகள் நினைத்தபடி விலைபோகவில்லை. முடிவில் அக்கடனில் ஒரு பெரும்பகுதியைப் பல்கலைக்கழகமே தன் பொதுக் கணக்கில் ஏற்கும்படி ஆயிற்று.

இங்குத்தான் நம் முதல் மாணவி மீண்டும் வருகின்றாள். விளையாட்டு, பல்கலைக்கழகத்திற்குப் பணம் ஈட்டித் தருகின்றது என்பது ஊரார் நம்பும் பொய். விளையாட்டுக் கழகமே வெளியிட்ட கணக்கின்படி, 2019-இல் கல்லூரி விளையாட்டுகளின் மொத்த வரவு 1,890 கோடித் தாலர்; ஆயினும், ஏறத்தாழ 1,100 கல்லூரிகளுள் செலவினும் வரவு மிகுந்தவை 25 மட்டுமே! எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்டவை நட்டத்தில் ஆடுகின்றன. பெரியவனைக் கண்டு சிறியவனும் சூடு போட்டுக்கொள்ளும் கதை. அலபாமாவுக்குத் தொலைக்காட்சி கொடுக்கின்றது. அலபாமாவைப்போல் ஆகவேண்டும் எனத் துடிக்கும் சிறு கல்லூரிக்கு எவன் கொடுப்பான்? மாணவனே கொடுக்கின்றான், கட்டணம் என்னும் பெயரால் கொடுக்கின்றான். அக்கொடுமையிலும் ஒரு கொடுமை என்னெனில், செல்வர் பிள்ளைகள் பயிலும் பேர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இக்கட்டணம் இல்லை, அல்லது சிறிது. நடுத்தர, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பயிலும் மாநிலக் கல்லூரிகளிலேயே இது பெரிது. இத்தொகை கணக்கேட்டில் எங்ஙனம் எழுதப்படுகின்றது தெரியுமா? விளையாட்டுத் துறையின் ‘வரவு’ என்று! பிடுங்கியதும் வரவு, பெற்றதும் வரவு. வர்சீனியாச் சட்டமன்றம் 2015-இல் இதற்கு ஒரு வரம்பு கட்டிச் சட்டம் இயற்றிற்று. வரம்பு எவ்வளவு? மிகப் பெரிய அணிகளுக்கு வருவாயில் 20 விழுக்காடு. அதற்கடுத்த நிலையினர்க்கு 55. காற்பந்து அணியே இல்லாத கல்லூரிகளுக்கு 78 விழுக்காடு வரை! வரம்பே இத்துணை என்றால், வரம்பின்மை எத்துணை என்பதை உய்த்துணர்க.

மாணவனுக்கு அடுத்துக் கொடுப்பவன் வரிகட்டும் குடிமகன். நல்ல இருக்கை வேண்டுமெனில் முதலில் ‘நன்கொடை’ கொடுத்தல் வேண்டும் என்பது பெரிய அணிகளின் வழக்கம். கைம்மாறு கருதிக் கொடுப்பதற்குக் கொடை என்று பெயரிட்டது போதாதென்று, 1988 முதல் 2017 வரை அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு வரிவிலக்கும் இருந்தது. செல்வன் ஆட்டங் காண நிழலான இருக்கை வாங்கினான். அவன் கட்டாமல் விட்ட வரியின் சுமையைப் பொதுமக்கள் தாங்கினர்.

மூன்றாவதாகக் கொடுப்பவன், எல்லாரினும் மிகுதியாகக் கொடுப்பவன், களத்தில் நிற்பவனே. 2020-இல் பொருளியலாளர் நால்வர் வெளியிட்ட ஆய்வு இதனை எண்ணாற் காட்டுகின்றது. காற்பந்தும் ஆடவர் கூடைப்பந்தும் ஈட்டும் வருவாயில், உதவித்தொகையாகவும் வாழ்க்கைச் செலவாகவும் அவ்வாட்டக்காரர்க்குச் சேர்வது 7 விழுக்காட்டினுங் குறைவு. தொழில்முறை அணிகளிலோ ஏறத்தாழப் பாதி. அவ்விரண்டு ஆட்டங்களையும் ஆடுவோர் பெரும்பாலும் கறுப்பினத்தார். எளிய குடியிருப்புகளிலிருந்து வந்தவர். அவர்கள் ஈட்டிய மிகைப்பணத்தால் வாழ்வன, செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் பிற ஆட்டங்களும், பெரும்பாலும் வெள்ளையரான பயிற்சியாளர்களும். பருத்தித் தோட்டத்தின் கணக்கேட்டை நினைவூட்டும் இக்கணக்கை அந்நாட்டார் மறந்திருக்கலாம். இன ஒடுக்கத்தின் சுவையறிந்தோர் மறவார்.

‘கூலிக்கு மாறாக இலவயக் கல்வி கொடுக்கின்றோமே, அஃது எத்துணை விலைமதிப்புடையது!’ என்று மார்தட்டுவோர்க்கும் விடை சொல்லுவோம். கல்வி கொடுத்தீர்களா? சிகாகோவை அடுத்த நார்த்துவெசுட்டர்ன் பல்கலைக்கழகத்துக் காற்பந்து ஆட்டக்காரர், ஆட்டக் காலத்தில் கிழமைக்கு 40 முதல் 50 மணி வரை ஆட்டத்திற்கே உழைத்ததாக 2014-இல் தொழிலுறவு வாரியத்தின் வட்டார அலுவலர் கண்டறிந்து, அவர்கள் தொழிலாளரே என்றும் முடிவு சொன்னார். (மறு ஆண்டே மேல் வாரியம், இவ்வழக்கில் தான் தலையிடுவதாக இல்லை எனக் கையை உதறிவிட்டது.) ஐம்பது மணி உழைத்தவன் எப்பொழுது படிப்பான்? அவன் படிக்க வேண்டியதில்லை என்பதற்கும் ஏற்பாடு செய்தவர் உளர். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகள், ஆசிரியர் இல்லாத, வகுப்பு நடவாத, ஏதோ ஒரு கட்டுரை கொடுத்தால் உயர்மதிப்பெண் கிடைக்கின்ற தாள்வகுப்புகள் நடந்தன. 3,100-க்கு மேற்பட்ட மாணவர் அவற்றிற் பதிவாயினர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டாளர். 2014-இல் உசாவல் அறிக்கை இதனை அம்பலப்படுத்தியது. 2017-இல் விளையாட்டுக் கழகம் சொன்ன முடிவு யாது? அவ்வகுப்புகள் பிற மாணவர்க்கும் திறந்திருந்தமையால் எங்கள் நெறிமுறை மீறப்படவில்லை, ஒறுப்பில்லை! ஓர் இளைஞன் தன் படத்தை விற்று நூறு தாலர் பெற்றிருந்தால் அவனைக் களத்தை விட்டே துரத்தியிருப்பர். கூலியாகச் சொன்ன கல்வியையும் திருடியவர்க்கு ஒன்றுமில்லை.

வேறு வழியே இல்லையா என்பார்க்கு, வழி கண்டவர் உளர் என்போம். சிகாகோப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் காற்பந்தில் நாட்டையே ஆண்டது. பின்னாளில் ஐசுமன் பரிசு எனப் பெயர்பெற்ற சிறப்பை 1935-இல் முதன்முதல் பெற்றவரும் அதன் மாணவரே. 1939-இல் அதன் தலைவர் இராபர்ட்டு அட்சின்சு அவ்வணியைக் கலைத்தார். அறிவுக்கு அமைந்த இடத்தில் கூத்துக்கு இடமில்லை என்பது அவர் உறுதி. வானம் இடிந்துவிழவில்லை. 1942 திசம்பர் 2-ஆம் நாள், பயனற்றுக் கிடந்த அவ்விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியிலேயே அணுத்தொடர் வினையை மாந்தன் முதன்முதல் இயக்கினான். (அவ்வறிவு மூன்றாண்டில் இரோசிமாவை எரித்தது என்பது தனித்துயரம், அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.) பின்னர் அவ்வரங்கு இருந்த மண்ணிலேயே பெருநூலகம் எழுந்து 1970-இல் திறக்கப்பெற்றது. 1969-இல் அங்குக் காற்பந்து மீண்டும் வந்தது. ஆட்டத்திற்கென உதவித்தொகை இன்றி, பெருவணிகம் இன்றி, மாணவர் ஆடும் ஆட்டமாகவே வந்தது.

அதனினும் நம் நெஞ்சைத் தொடுவது அட்லாண்டாவில் உள்ள இசுபெல்மன் கல்லூரி. கறுப்பின மகளிர்க்கென அமைந்தது அது. 2012-இல் அதன் தலைவி கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ஏறத்தாழ 80 பேர் ஆடுவதற்கு ஆண்டுக்குப் பத்து இலக்கம் தாலர் அளவிற் போகின்றது. எஞ்சிய ஈராயிரத்துக்கு மேற்பட்ட மாணவியரோ உடலுழைப்பின்றி நோய்க்கு இரையாகும் நிலையில் உள்ளனர். போட்டி அணிகளை நிறுத்தி, அப்பணத்தை அனைவரின் உடல்நலத்திற்கும் திருப்பினார். நடத்தலும் நீந்தலும் மிதிவண்டி ஓட்டலும் அனைவர்க்கும் ஆயின. விளையாட்டு என்பதன் பொருளை அறிந்தவர் அவர். உடல்வலிமைக்கு நாம் பகையல்லேம். ஒருவன் ஆட, பதினாயிரவர் குந்தியிருந்து பார்க்க, பாராதவளும் காசு கொடுக்க வேண்டும் என்பதற்கே பகை.

நயன்மன்றங்களும் காலந்தாழ்த்தேனும் கண்விழித்தன. தம் உருவத்தைக் கேளாமலே கணினி விளையாட்டில் விற்றதைக் கண்டு எட் ஓபானன் என்னும் முன்னாள் கூடைப்பந்தாட்டக்காரர் 2009-இல் தொடுத்த வழக்கு 2014-இல் வென்றது. 2021-இல் ஆல்சுடன் வழக்கில் உச்ச நயன்மன்றத்து நடுவர் ஒன்பதின்மரும் ஒருமித்துக் கழகத்திற்கு எதிராகத் தீர்த்தனர்; அவ்வாண்டு சூலை முதல், ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விற்றுப் பொருளீட்டும் தடை நீங்கிற்று. 2025 சூன் 6-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் உடன்பாட்டின்படி, பழைய ஆட்டக்காரர்க்குப் பத்தாண்டில் ஏறத்தாழ 280 கோடித் தாலர் கொடுக்கப்படும். 2025-26-இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விரும்பினால் 2 கோடியே 5 இலக்கம் தாலர் வரை ஆட்டக்காரர்க்கு நேரே பகிரலாம் என்றாயிற்று. கூலி வந்துவிட்டது. ஆயினும் தொழிலாளர் என்னும் சொல் மட்டும் இன்னும் வரவில்லை! தார்ட்டுமத்துக் கல்லூரியின் கூடைப்பந்தாட்டக்காரர் 2024-இல் பதின்மூவர்க்கு இருவராக வாக்களித்துத் தொழிற்கழகம் கண்டனர். கல்லூரி ஏற்க மறுத்தது. அவ்வாண்டு இறுதியில் முறையீட்டைத் தாமே திரும்பப் பெறும் நிலைக்கு ஆளாயினர்.

அவ்வுழைப்புக்கு இன்று கொடுக்கும் புதுக்கூலி எவர் மடியிலிருந்து போகின்றது? பயிற்சியாளரின் கோடியிலிருந்தா? அன்று. தென்னசிப் பல்கலைக்கழகம் 2025-ஆம் ஆண்டுக் காற்பந்துச் சீட்டுகளின்மேல் பத்து விழுக்காடு கூட்டி, அதற்குத் ‘திறமைக் கட்டணம்’ என்று பெயரிட்டது. சொல் வார்க்கும் பட்டறை இன்னும் மூடப்படவில்லை என்பதை நோக்குக! சறுக்குமரங் கட்டிய அதே கிளெம்சனோ, 2025 முதல் தன் மாணவர் ஒவ்வொருவரிடமும் பருவத்திற்கு 150 தாலர் விளையாட்டுக் கட்டணம் தண்டத் தொடங்கியது. பழைய ஆட்டக்காரர்க்குரிய 280 கோடியிலும் ஒரு பெரும்பங்கு, அத்தொலைக்காட்சிப் பணத்தின் சுவையே அறியாத சிறு கல்லூரிகளுக்குக் கழகம் கொடுத்துவந்த தொகையைக் குறைத்தே திரட்டப்படுகின்றது. குறைந்ததை அச்சிறு கல்லூரிகள் எவரிடம் கேட்கும்? தம் மாணவரிடந்தான் கேட்கும்.

ஆகவே நாம் கேட்பது இது. ஒவ்வொரு மாணவனின் கட்டணச் சீட்டிலும், பந்தாட்டத்திற்காக எடுக்கும் தொகையைப் பந்தாட்டத்திற்கு என்றே தனிவரியில் எழுதுக. விரும்பாதவன் அதனை அடித்துவிட்டு எஞ்சியதைக் கட்டும் உரிமையை அவனுக்குக் கொடுக்க. உழைப்பவனைத் தொழிலாளன் என அழைக்க. அவன் கழுத்து முறிந்தால் தொழிலாளனுக்குரிய காப்பீட்டைக் கொடுக்க. இவ்விரண்டையும் செய்துவிட்டுப் பின்னர் எத்துணைப் பெரிய அரங்கையேனும் கட்டிக்கொள்க.

2025-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படிப் பணம் பெறத்தக்கவர், 2016-இலும் அதன்பின்னரும் ஆடியவர். கென்ட்டு வால்திரெப்பு 2022-இலேயே இறந்துபோனார். 1955-இல் கொலரேடோவில் கணவனை இழந்தவளின் பெயருக்கு அப்பட்டியலில் இடமில்லை.